இல்லாத தம்பி

அந்த ஒரு வரியை எங்கள் பிரிவு அதிகாரி ஏன் அடித்தார்? குழந்தைக்குச் சோறூட்டும்போதுகூட இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. இன்றுவரை பதில் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசியில், திருமணத்துக்கு முன், தாம்பரத்தில் மின்சார ரயிலேறி அரசாங்கத்தின் உளவுத் தகவல் பிரிவு ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தேன். துப்பறிவது வேறு ஆட்களின் வேலை. அவர்கள் விசாரித்து எழுதி அனுப்புவதைப் படித்து, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று குறிப்பெழுதுவது என் வேலை. அதற்குச் சாமர்த்தியத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? இவற்றைக் கேட்காமல் ஒரு தாளையும் நான் நகர்த்தியதில்லை.

ஒருமுறை, அரசாங்க வேலைக்குத் தேர்வாகியிருந்த சேலையூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரைப் பற்றி அறிக்கைகள் வந்தன. அவருடைய தம்பி தலைமறைவுக் கூட்டமொன்றில் இருப்பதாகவும், இவர் அவனுக்கு ஒளிய இடம் கொடுப்பதாகவும் டீக்கடைக்காரர், ரேஷன் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் மூவருமே சொல்லியிருந்தார்கள். மூவர் சொன்னதும் ஒரே அச்சாக இருந்தது எனக்கு உறுத்தியது. இளைஞரின் குடும்பம் போகும் தேவாலயத்தில் விசாரிக்கச் சொன்னேன். இளைஞரைப் பெற்றபோதே தாய் இறந்துவிட்டார் என்று பதில் வந்தது. தந்தை மறுமணம் செய்யவில்லை. தம்பி என்று ஒருவன் கிடையவே கிடையாது. இல்லாத தம்பியை மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடிக்க முடியுமா? விசாரிக்கப் போனவரை மறுபடி அனுப்பினேன். மூவருக்கும் அதைச் சொன்னவர் இளைஞர் வசித்த குடியிருப்பின் சங்கச் செயலாளர் என்று தெரிந்தது. இளைஞருக்குக் கிடைக்காவிட்டால் அந்த வேலை போகவேண்டியது செயலாளருடைய அக்கா மகனுக்கு.

‘மூன்று தகவலும் ஒரே வாயிலிருந்து வந்தவை, அந்த வாய்க்கு லாபமும் உண்டு’ என்று எழுதினேன். அதிகாரி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

“மூணு பேரு ஒண்ணுபோலச் சொல்றான். உனக்கு இன்னாம்மா பேஜாரு?”

“தம்பியே இல்ல சார்.”

“நீ டீச்சர் வேலைக்குப் போயிருக்கணும். தப்புத் திருத்திகினே காலத்த ஓட்டியிருக்கலாம்.”

அறையே சிரித்தது. மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன்.

“எழுதேன். உன் கையெழுத்து நல்லாத்தான் கீது.”

எழுதினேன். அதுவும் அவர் மேசை வழியாகத்தான் போக வேண்டும். போகவில்லை. இளைஞருக்கு வேலையும் வரவில்லை. அதிகாரிக்குச் சோம்பலா, பயமா, செயலாளரோடு சிநேகமா? உண்மையைக் கையில் கொடுத்தும், அதை அடித்துப்போட்டுவிட்டு டிபன் கேரியரைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்ட மனிதர் அவர்.

இப்போது என் மகளுக்குக் கவுன் தைத்துத் தரும் பெண் அந்த இளைஞரின் மனைவி. போன வாரம் பேச்சுவாக்கில் கணவர் பெயரைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

“அவரு மறுபடி கவர்மென்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்காருக்கா. யாராவது விசாரிக்க வந்தா நம்ம சங்கச் செயலாளர் சார்கிட்ட அனுப்பச் சொல்லி அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருக்கோம். எங்க மேல அவருக்கு அவ்வளவு பாசம்!”

அலுவலகத்தில் பார்த்த எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டவள் நான். என் கணவரும் அரசாங்க ஊழியர். “நீ வாயைத் திறந்தா நாம தெருவுலதான் நிக்கணும்” என்கிறார். குழந்தையைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. அந்தப் பெண்ணைப் பார்த்தால்? பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுவதே தவறோ என்றும் பயமாக இருக்கிறது.

விசாரிப்பவர் எந்த நாளும் வரலாம். அவரை அந்தச் செயலாளரிடம் மட்டும் அனுப்பாதே என்று, காரணத்தைச் சொல்லாமல், அவளை எப்படி நம்பவைப்பது? வாசகர்களே, வழி தெரிந்தால் சீக்கிரம் எழுதுங்கள்.