இரண்டு பக்கத்துக்கு நீண்ட வரிசை

பழைய மானிட்டர் சூடாகும்போது ஒரு வாசனை வரும்... தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து லேசாகக் கருகுவதுபோல. காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில், உள்ளூர் மாதப் பத்திரிகைக்கு நான் லே-அவுட் செய்த நாட்கள் அந்த வாசனையோடுதான் நினைவுக்கு வருகின்றன.

தினமும் எங்கள் ஊர் காவாந்தண்டலத்திலிருந்து பஸ். கட்டுரைக்கும் படத்துக்கும் பக்கத்தில் இடம் பிரிப்பது என் வேலை. கடைசி நேரத்தில் ஒரு பட்டுப்புடவை விளம்பரம் வந்தால் போதும், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்க வேண்டும்.

ஒரு மாதம் நடவு நடும் பெண்களைப் பற்றிச் சிறப்புக் கட்டுரை. போட்டோகிராபர் உத்திரமேரூர் பக்கம் எடுத்து வந்த படத்தைத் திறந்தேன். சேற்றில் வரிசையாகப் பெண்கள், இடுப்பை நிமிர்த்தி நிற்கிறார்கள். வலது ஓரத்தில் கடைசி ஆளாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு...

என் அம்மா.

போட்டோ எடுத்ததை வீட்டில் வந்து சொல்லவே இல்லை. ஆபீசிலும் என் வீட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "படம் ரொம்ப நீளமா இருக்கும்மா. தலைப்பு பெருசா வரணும். வலது பக்கம் ரெண்டு பேரை வெட்டிடு, சரியாயிடும்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வெட்டும் கோட்டை இழுத்தேன். அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது.

தலைப்பைச் சின்னதாக்கினேன். கட்டுரையை அடியில் ஒரு பட்டையாக இறக்கினேன். படத்தை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே நீட்டி, நடுவில் பின் அடிக்கிற இடத்தில் யார் முகமும் மாட்டாதபடி நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்தவருக்குக் கோபம். "தலைப்பு எங்கம்மா? நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ணி வச்சிருக்க?"

"கடைசியா நிக்கிறது எங்கம்மா சார்."

சொன்ன பிறகு காதெல்லாம் சுட்டது. அவர் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பேரு இன்னா?"

"குப்பம்மா சார்."

"மத்தவங்க பேரு?"

"எல்லாரையும் தெரியாது சார். அம்மாவுக்குத் தெரியும்."

"கேட்டுக்கினு வா. படத்துக்குக் கீழ எல்லார் பேரும் வரணும். தலைப்பு இப்படியே இருக்கட்டும்."

புத்தகம் வந்த அன்று சாயங்காலம், அந்த வரிசை மொத்தமும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. நான் பெயர்களை வாசிக்க வாசிக்க, அவரவர் முறை வரும்போது ஒரு சின்னத் தலையசைப்பு. மேரி அக்கா மட்டும், "என்து இன்னொரு வாட்டி படிம்மா" என்றார்.

அம்மா படத்தை விரலால் தடவிக்கொண்டே, "சேறு அப்பிக்கினு நிக்கிறேன் பாரு... பொஸ்தகத்துல வரும்னு சொல்லியிருந்தா மூஞ்சியாவது கழுவியிருப்பேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அந்தப் பத்திரிகை நின்று பல வருடம் ஆகிறது. இப்போது வீட்டிலிருந்தே, போன் திரையில் வரும் விளம்பரங்கள் செய்கிறேன். சின்னச் சதுரம், ஒரு முகம், நாலு வார்த்தை. பஸ் இல்லை, அலைச்சல் இல்லை. குறை சொல்ல மாட்டேன்...

சில நாள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ பண்ணது எதுடி?" என்று கேட்பார். போனை அவர் கையில் கொடுப்பேன். பார்ப்பதற்குள் விரல் பட்டு அந்தச் சதுரம் மேலே ஓடிவிடும்.

"அதுக்குள்ள பூடுச்சா?" என்பார்.