ஜலீலின் முதுகு

போரில் முதுகைக் காட்டுகிறவன் தோற்றவன் என்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் முதுகைப் பார்க்கிறவன்தான் தோற்றவன். தோணிரேவு நீலமேகம் ஐந்தாறு குளிர்காலம் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினான். பழவேற்காடு பஜாரில் ஜவுளிக்கடை வைத்து நொடித்துப்போன வீட்டுப் பிள்ளை ஜலீலின் முதுகு அது. இடது தோளுக்குக் கீழே நாலணாக் காசு அளவுக்கு ஒரு மச்சம். பனியனில் சரியாக அந்த இடத்தில் ஒரு கிழிசல், மச்சம் காற்று வாங்கட்டும் என்று விட்டது போல. ஜலீலின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நீலமேகம் யோசித்துத்தான் சொல்வான். முதுகைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

கார்த்திகை மழை விட்டு மார்கழிப் பனி இறங்கியதும் ஏரியோர ஊர்களில் பந்தயம் தொடங்கிவிடும். ஒரு ஞாயிறு ஒரு ஊர் நடத்தும், அடுத்த ஞாயிறு இன்னொரு ஊர். குளிர்காலத்தில் வைத்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஓடுகிற எவன் காலிலும் செருப்பு கிடையாது. மாசி போனால் தார் ரோடு தோசைக்கல்லாகிவிடும், அவ்வளவுதான். தை மாதக் கடைசி ஞாயிறு பழவேற்காட்டில் பெரிய பந்தயம். பஜாரிலிருந்து திருப்பாலைவனம் வரை போய்த் திரும்ப வேண்டும். சைக்கிள் கடை அப்துல் ஹை பாய் வாயில் விசிலைக் கவ்விக்கொண்டு சைக்கிளில் கூடவே வருவார். முதல் பரிசு எவர்சில்வர் குடம். இரண்டாவது பரிசு சொம்பு.

"ஊட்ல சொம்பா அடுக்கி கெடக்குது. மொண்டு ஊத்த ஒரு கொடம் இல்ல," என்பாள் அவன் பெண்டாட்டி லோகநாயகி.

அவனுக்குக் குடத்தின் மேல் ஆசையே இல்லை. அந்த முதுகை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தாண்டிப் போக வேண்டும். ஜலீல் முழு மூச்சோடு ஓடும்போது தாண்ட வேண்டும். ஏரியில் வலை இழுக்கும்போதும் அதே நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதும் அதே நினைப்பு. இத்தனைக்கும் பகை ஒன்றும் கிடையாது. பந்தயம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "அடுத்த வாட்டி நீதாண்டா மேகம்," என்பான் ஜலீல். அதை வருஷா வருஷம் சொன்னான்.

எழுபத்தேழாம் வருஷத் தையில் ஜலீலுக்குக் குவைத் போக விசா வந்திருந்தது. பெரிய பந்தயம் முடிந்த கையோடு கிளம்புகிறான் என்று ஊருக்கே தெரியும். நீலமேகத்துக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஓடினான். திருப்பாலைவனத்தில் திரும்பி, பாதி வழி வந்தபோது முன்னால் போன முதுகு நெருங்கி வந்தது. முதலில் நம்ப முடியவில்லை. மச்சம் பெரிதாயிற்று. பிறகு பக்கத்தில் வந்துவிட்டது. ஓடும்போது ஜலீலின் முகத்தை அவன் பார்த்தது அன்றைக்குத்தான். ஜலீல் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நடந்துகொண்டிருந்தான். லேசாகச் சிரித்தான்.

"போடா மேகம். நீ போ."

நீலமேகம் நின்றுவிட்டான்.

ஏரியில் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். அடுத்தவன் பாட்டில் வலை போடுகிறவனை மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரனே கூப்பிட்டுக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நீலமேகம். ஊரை விட்டுப் போகிறவன் போகிற போக்கில் தன் பாட்டைத் தூக்கிக் கொடுக்கிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

"இன்னாடா, பிச்ச போடுறியா?" என்றான். "எனுக்கு ஒண்ணும் நீ விட்டுக் குடுக்க வாணாம். ஓடு. ஓடிக் காட்டு."

ஜலீல் ஓடவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். அதற்குள் மூன்றாவதாக வந்த அனுப்பம்பட்டு செங்கல்வராயன், இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனான்.

"இன்னாடா இது, பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்று அப்துல் ஹை சைக்கிளை நிறுத்திக் கத்தினார்.

நீலமேகம் காதில் வாங்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து வீட்டுக்கு நடந்தான். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செங்கல்வராயன் குடத்தை வாங்கிப் போனான். "சொம்பும் போச்சா?" என்று மட்டும் கேட்டாள் லோகநாயகி.

கிளம்பும் முன்னால் ஜலீல் தோணிரேவுக்கு வந்தான். நீலமேகம் ஏரியில் படகில் இருந்தான். கரையில் வெள்ளைச் சட்டையோடு நிற்பது யாரென்று நன்றாகவே தெரிந்தது. படகைத் திருப்பவில்லை. ஜலீல் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. நல்லவனுக்கு வரும் வீம்பு மாதிரிப் பொல்லாதது உலகத்தில் வேறில்லை.

அதற்குப் பிறகு குடமாகக் குவிந்தது. நீலமேகம் முதலில் வந்தான், மறுபடியும் முதலில் வந்தான். ஊர் கைதட்டியது. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை," என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு குடத்தை வாங்கி வந்து லோகநாயகியிடம் கொடுத்துவிடுவான். முன்னால் வெறும் ரோடு மட்டும் இருக்க ஓடுவது அவனுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. எண்பத்துநாலில் புயல் ரோட்டை அரித்துப் போன வருஷம் பந்தயமே நடக்கவில்லை.

ஜலீல் லீவில் வராமல் இல்லை. ரம்ஜான் பெருநாளுக்குத்தான் லீவு கொடுப்பார்கள். அந்த வருஷங்களில் ரம்ஜான் நடு வெயிலில் வந்துகொண்டிருந்தது. தாரில் கால் வைக்க முடியாது, அவனுக்கோ நோன்பு வேறு. பார்த்தால் பேசிக்கொள்வார்கள். கோபமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. ஆனால் அந்தப் புளியமரத்தடிப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள்.

"ஒரு வாட்டி மார்கழில வாடா," என்றான் நீலமேகம்.

"ரம்ஜான் வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால வருது. எப்பனா ஒரு நாள் மார்கழிக்கு வந்து சேரும். அப்ப ஓடலாம்," என்று சிரித்தான் ஜலீல்.

எண்பத்தாறாம் வருஷ மார்கழியில், இறால் எடுக்க வந்த வண்டிக்காரன் ஒருத்தன் சொன்னான்: ஜலீல் பாய் கார் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார் என்று. நீலமேகம் மேலே எதுவும் கேட்கவில்லை. மார்கழியில் வந்திருக்கிறான் என்றால் எதற்கு வந்திருப்பான்? வீட்டுக்கு வந்து லோகநாயகியிடம் சொல்லும்போது குரல் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது. காதோரம் நரைத்தவன், விடிவதற்கு முன் எழுந்து ரோட்டில் ஓடிப் பழகினான். ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனான்.

ஜலீல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மேலே சட்டை இல்லை. மச்சம் இருந்தது. அதைச் சுற்றியிருந்த முதுகைத்தான் காணோம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. நீலமேகம் வாசற்படியிலேயே நின்றான்.

"மேகந்தானே?" திரும்பாமலே கேட்டான் ஜலீல். "உன் காலடி எனுக்குத் தெரியாதா. எத்தினி வருஷம் பின்னால கேட்டிருக்கேன்."

அவன் தாய் கைருன் பீவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நெஞ்சுல ஒரு வால்வு சரியா மூடலியாம் தம்பி. சின்னப் புள்ளையில மூட்டு வீங்கி ஜொரம் வந்துச்சே, அப்பவே புடிச்சதாம். அங்க மூட்டை தூக்கற எடத்துலயே விழுந்துட்டான். மெட்ராஸ்ல பெரிய டாக்டரு, இனிமே ஆப்பரேஷன் தாங்காதுன்னுட்டாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"பந்தயத்துக்கு வந்துட்டேன்னு நெனச்சியா?" என்றான் ஜலீல்.

"இல்லடா," என்று பொய் சொன்னான் நீலமேகம்.

"அன்னிக்கு உனுக்கு விட்டுக் குடுத்தேன்னு நெனச்ச இல்ல?"

"அத்த வுடு."

"விட்டுக் குடுக்கல மேகம். நெஞ்சப் புடிச்சி இழுத்துச்சு. கண்ண இருட்டிச்சு. போன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது."

"அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"அந்த வாரந்தான் மெடிக்கல். நெஞ்சு சரியில்லனு ஊர்ல ஒருத்தன் பேசினாலும் ஏஜெண்ட் என்னைத் தள்ளி வுட்டுருப்பான். தங்கச்சிங்க மூணு பேரு, கட மூடிக் கெடக்குது." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னான். "அன்னிக்கு நெசமாவே நீ ஜெயிச்சிருப்ப. அது உன் பாடுடா. நீதான் வலை போடாம கரைக்கு வந்துட்ட."

நீலமேகத்துக்கு அழுகை வந்தது. ஜெயித்திருக்கலாமே என்பதற்காக அல்ல. நெஞ்சு வலியோடு ரோட்டோரம் உட்கார்ந்தவனைப் பார்த்து, ஓடிக் காட்டு என்று சொன்ன வாய் தன் வாய்தானே என்று அழுதான். படகைத் திருப்பியிருந்தால் அன்றைக்காவது சொல்லியிருப்பானோ என்னவோ. இனி அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எனுக்கு ஒரு வேல செய்," என்றான் ஜலீல். "காலங்காத்தால இந்த ஜன்னலோரமா ஓடிட்டுப் போ. சத்தம் கேக்கணும் போல இருக்குது."

அன்று முதல் நீலமேகம் விடியற்காலையில் அந்தத் தெரு வழியாக ஓடினான். நன்றாகக் கேட்கட்டும் என்று குதிகாலை ஊன்றி ஓடுவான். ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து கம்பியில் டங்கென்று ஒரு தட்டு வரும். தை பிறந்த பிறகும் வந்தது. தைக் கடைசியில் ஒரு நாள் வரவில்லை. ஜலீலுக்குச் சத்தம் கேட்கவில்லையோ என்று திரும்பி வந்து மறுபடியும் ஓடினான். கம்பி சும்மா இருந்தது. பிறகு உள்ளே கைருன் பீவி குரலெடுத்து அழுவது கேட்டது.

அன்று மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஜலீலைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கி வேகமாக நடந்தார்கள். மய்யித்தைச் சுமந்துகொண்டு ஆடி அசைந்து போகக்கூடாது என்பது அவர்கள் முறை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். நீலமேகம் வெறுங்காலோடு, பின்பக்கக் கொம்புக்குத் தோள் கொடுத்தபடி ஏறக்குறைய ஓடினான். தையில் தார் ரோடு மதியத்திலும் சுடவில்லை.

அப்துல் ஹை பாய் இப்போது கிழவர். அவர் திரும்பி இவனைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். "நீலமேகம், நீ முன்னால வாப்பா. முன்னால வந்து தோள் குடு."

"வாணாம் பாய்," என்றான். "அவன் பின்னால ஓடித்தான் எனுக்குப் பழக்கம்."