இருபத்து மூன்று நடக்கிறது

எங்கள் பக்கத்தில் வயதை யாரும் முடித்துச் சொல்வதில்லை, நடத்தித்தான் சொல்வோம். என் தம்பிக்கு ஒன்று நடக்கிறது என்பார் அம்மா. அவனோ இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தான்.

அப்படித்தான் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு இருபத்து மூன்று நடந்தது. அம்மாவின் ஒரே தம்பி. அவரைக் கோயிலுக்கென்று நேர்ந்துவிட்டதே அம்மாதான். டீக்கன் பட்டம் வாங்கப்போகிறான் என்று உத்திரமேரூர்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். சாமியாராவதற்கு முந்தின படி அது. ஏறிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதைப் பற்றி எனக்கென்ன? பட்டமெல்லாம் வாங்கிவிட்டால் மாமாவைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் மாமாவை நான் மாமா என்று கூப்பிடக் கூடாதா?

மாமா லீவில் வந்திருந்தபோது பங்குச் சாமியார் மொபெட்டில் வந்து இறங்கினார். மோர் குடித்துவிட்டு மாமாவின் வயதைக் கேட்டார்.

"இருவத்தி மூணு நடக்குது சாமி," என்றார் அம்மா பெருமையாக.

"நடந்தா போதாதும்மா. திருச்சபைச் சட்டப்படி முடியணும்."

"இன்னா சாமி, பேஜாரா கீது! ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்துட்டனே!"

அம்மா கண்ணைக் கசக்கவும் சாமியார் இறங்கிவந்தார். ஒரு வருஷத்துக்குள் குறைந்தால் ஆயர், அதாவது பிஷப், விலக்குக் கொடுக்கலாம், மாமா ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றார். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

"வாணாம் சாமி. சட்டம்னா சட்டம்தான்," என்றார் மாமா.

யார் சொல்வது! சைக்கிளில் என்னையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு, விளக்கில்லாமல் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே போகிற ஆசாமி. சாமியார் அசந்துபோய் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாமா பம்புசெட்டுக்குப் போய், கொட்டுகிற தண்ணீரில் வெகுநேரம் தலையைக் கொடுத்து நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தார். சோப்பு பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

இருபத்து மூன்று முடிந்தது. பந்தலும் போட்டார்கள். ஆனால் அதில் மாமாவுக்குப் பக்கத்தில், குருமடத்துக்கு எதிர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அத்தை பட்டுச்சேலையில் நின்றார். தாலியை மந்திரித்துக் கொடுத்தவர் அதே சாமியார்தான். அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே எல்லோருக்கும் பரிமாறினார். நான் அத்தனை கூட்டத்திலும் "மாமா!" என்று கத்தினேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா?

சட்டம்தான் மாமாவை மறித்துவிட்டது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் தவித்த மனுஷனுக்கு அது அவகாசம் கொடுத்து வழிவிட்டிருக்கிறது. இது எனக்கு இருபத்து மூன்று முடிகிறவரை புரியவில்லை. நடந்துகொண்டிருந்தபோதுகூடப் புரியவில்லை.