சொல்லாமல் இழுத்த கயிறு

பயம் சிலருக்கு விருந்தாளி மாதிரி வந்து போகும். ஆரிஃபிடம் அது குடியேறிவிட்டது. வடலூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். மனைவி ஷமா அணைத்த கேஸ் அடுப்பைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் படுக்கமாட்டான். "ஒங்களுக்கு என்மேல நம்பிக்கை இல்லியா, அடுப்பு மேல இல்லியா?" என்று அவள் கேட்டால், "என்மேலயே எனக்கு இல்ல புள்ள" என்பான்.

அவனுடைய அத்தா அல்லா பிச்சை சந்தை சந்தையாகப் போய்ச் செருப்பு விற்றவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் ஆரிஃப் ஒருவன்தான். எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினியரிங் முடித்து, கறுப்பு அங்கியோடு அவன் எடுத்துக்கொண்ட படத்தை அத்தா சந்தைக் கடைக்குக் கொண்டுபோனார். செருப்போடு வைக்க மனசு வராமல் குடைக்கம்பியில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். விலை கேட்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்கள்.

அந்தப் படிப்புக்கு நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலைதான் கிடைத்தது. ஆனால் அவன் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. எதையும் நம்பாமல் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் அங்கே அவனுக்குச் சம்பளம்.

பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு யார்டிலிருந்து கொதிகலனுக்கு மேலே இருக்கும் பங்கர் தொட்டி வரைக்கும் ரப்பர் பெல்ட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஆள் குறுக்கே படுத்தாலும் இடம் மிச்சமிருக்கிற அகலம். பெல்ட்டின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கயிறு போகும். புடவைத் தலைப்போ கையோ பெல்ட்டுக்கு அடியில் சுற்றுகிற உருளையில் மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் சுவிட்ச் விழும், செய்தி கம்பி வழியாகக் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்தும். இழுக்கிற கைக்கும் நிற்கிற மோட்டாருக்கும் நடுவில் எங்கே அறுந்திருந்தாலும் ஆள் காலி.

அந்த வருஷம் பழைய கண்ட்ரோல் பெட்டிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்திருந்தார்கள். சாஃப்ட்வேர் எழுதியது வெளியூர்க் கம்பெனி ஒன்று. அவர்கள் தங்கள் ஊரில் மேசைமேல் வைத்தே எல்லாவற்றையும் சோதித்து, பாஸ் என்று கொண்டுவந்து மாட்டினார்கள். அதற்குப் பிறகு இடத்தில் வைத்துச் சோதித்தது ஆரிஃப். அவன் வாக்கி டாக்கியில் "இழுக்குறேன் சார்" என்பான். இழுப்பான். பெல்ட் முனகி, தளர்ந்து, நிற்கும். "நின்னுச்சு ஆரிஃபு" என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து சுப்பிரமணியன் சொல்வார். அவர் பர்மனென்ட் ஆபரேட்டர். ரிட்டயர் ஆகப் போகிறவர். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். இப்படியே எல்லாப் பெல்ட்டும் தேறிவிட்டது. ஆரிஃபும் அதன்பிறகு கொஞ்சநாள் நிம்மதியாகத் தூங்கினான்.

அன்றைக்குக் காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரக் கரி பெல்ட்டில் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து கிடந்தது. புடவைமேல் சட்டையும் தலையில் துண்டுமாகக் கலியம்மாளும் இன்னும் சில பெண்களும் உருளைகளுக்கு அடியில் மண்வெட்டியை விட்டு வாரிக்கொண்டிருந்தார்கள். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து வருகிற காண்ட்ராக்ட் பெண்கள். ஆரிஃப் அங்கே ஒரு கயிற்றுப் பெட்டியைத் திறந்து தேய்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றி மூடினான். சோதிக்கலாம் என்று வாக்கியை எடுத்தால் அதற்குள் தண்ணீர் போய் ஊமையாகிக் கிடந்தது.

வேறொருவனாக இருந்தால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போயிருப்பான். சோதிக்காத பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நகர ஆரிஃபுக்குக் கால் வரவில்லை. சொல்லாமல் நிறுத்தினால் கண்ட்ரோல் ரூமில் திட்டுவார்கள், திட்டட்டும். கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

பெட்டியில் சுவிட்ச் 'டக்'கென்று விழுந்தது. பெல்ட் ஓடியது.

ஸ்பிரிங்கைத் தப்பாக மாட்டிவிட்டோமோ என்று நினைத்தான். அடுத்த பெட்டிக்குப் போனான். அது அவன் கை வைக்காத பெட்டி. இழுத்தான். சுவிட்ச் விழுந்தது. பெல்ட் ஓடியது. எதிர்ப்பக்கத்துக் கயிற்றையும் ஓடிப்போய் இழுத்தான். கரி அவன் கண்ணெதிரே, அவனுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

"என்னா தம்பி, பெல்ட்டு ஒன் பேச்ச கேக்கலியா? வூட்டுலயும் இப்டித்தானா?" என்றாள் கலியம்மாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆரிஃபின் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை. அவள் கை போய்வருகிற இடத்தைப் பார்த்தது. மண்வெட்டிக் காம்புக்கும் சுற்றுகிற உருளைக்கும் நடுவே சட்டைக் கை நுனி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, வெளிய வாங்க."

"அந்தாண்ட மூல மட்டும் வாரிட்டு வரேன்."

"இப்ப வாங்க. எல்லாரும் வாங்க."

"வந்துட்டா சூப்பர்வைசருக்கு நீ பதில் சொல்றியா? நேத்து அவன் பேசுன பேச்சுக்கு நான் கஞ்சி கூட குடிக்கல."

"நான் சொல்றேங்க்கா. காலுல வேணா வுழறேன், வந்துடுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏய், வாங்கடி. தம்பி மூஞ்சே சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியோடு வெளியே வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

சூப்பர்வைசர் கலியன் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தான். "என்னா பாய், ஆளுங்கள நிக்க வெச்சிகினு?" ஆரிஃப் அவன் இடுப்பிலிருந்த வாக்கியை உருவினான். பெல்ட்டை நிறுத்தச் சொல்லத்தான் எடுத்தான். பட்டனில் கட்டைவிரலை வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இதே கயிற்றை இழுத்ததும் போன வாரம் பெல்ட் நின்றது. அதற்கு முந்திய வாரமும் நின்றது. அன்றைக்கெல்லாம் இருந்தது, இன்றைக்கு எது இல்லை?

கயிற்றிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி வந்தான். ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். வழக்கமான குரலில் பேச முயன்றான்.

"இழுக்குறேன் சார்."

பெல்ட் முனகியது. தளர்ந்தது. நின்றது.

"நின்னுச்சு ஆரிஃபு" என்றார் சுப்பிரமணியன். "ஓகே தானே?"

கலியன் கயிற்றைப் பார்த்தான், ஆரிஃபின் பாக்கெட்டைப் பார்த்தான். "நீ இழுக்கவே இல்லியே" என்றான். எப்போதும் கேலி பேசுகிற அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

கண்ட்ரோல் ரூமுக்கு ஆரிஃப் ஓடித்தான் போனான். போகிற வழியெல்லாம், தான் "நின்னுச்சு" என்று நம்பிய ஒவ்வொரு பெல்ட்டும் நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் அவன் கயிற்றைச் சோதிக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் காதைச் சோதித்திருக்கிறான்.

சுப்பிரமணியன் முதலில் புரியாமல்தான் பேசினார். "நீ இழுக்குறேன்னு சொன்னதும் நானும் ஸ்டாப்ப அமுக்கிடுவேன். ஓடிகினு இருக்குற பெல்ட்டு பக்கத்துல நிக்கிற, ஒருவேள கம்ப்யூட்டரு லேட் பண்ணிச்சின்னா? ஒரு சேப்டிக்குத்தானே ஆரிஃபு."

"ஒவ்வொரு தடவையுமா சார்?"

"ஒவ்வொரு தடவையும்தான்." சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆரிஃப் லேப்டாப்பை மாட்டித் தேடினான். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. வெளியூரில் மேசைமேல் வைத்துச் சோதித்தபோது அங்கே கயிறு ஏது? கயிறு இல்லையென்றால், யாரோ இழுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு சாஃப்ட்வேர் மோட்டாரை ஓடவிடாது. அதனால், 'கயிறு நன்றாக இருக்கிறது' என்று ஒரு பைபாஸ் போட்டிருக்கிறார்கள். மேசையிலிருந்து கிளம்பும்போது அதை எடுக்கவில்லை. நிஜக் கயிறு வந்து கத்தினாலும் கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுத்துடு" என்றார் சுப்பிரமணியன், குரலைத் தாழ்த்தி. "இப்பவே எடுத்துடு. யாருக்கும் அடிபடல, ஒண்ணும் ஆவல. நான் இந்த வருஷம் வெளிய போறவன்பா. என்கொயரின்னு வந்தா வாங்குன நல்ல பேரெல்லாம் மண்ணாப் போயிடும். ஒனக்கு மட்டும் என்னா, காண்ட்ராக்டு, நாளைக்கே வராதன்னுடுவான்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பைபாஸை எடுக்க ஒரு பட்டன் போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது. டெஸ்ட் பண்ணினவன் ஆரிஃப் என்றுதான் நாளைக்கு எல்லோரும் சொல்வார்கள். எழுதினவன் எங்கோ இருக்கிறான், எழுதினதை நம்பினவன் இங்கே இருக்கிறான். அத்தாவிடம் என்னவென்று சொல்வது? வேலை போனால் இந்தப் பெயரோடு இன்னொரு யார்டுக்குள் விடுவார்களா?

எதிரே இருந்த திரையில் மற்றப் பெல்ட்டுகள் எல்லாம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு எழுதிய சாஃப்ட்வேரை நகலெடுத்துத்தான் மற்றவற்றுக்கும் போட்டார்கள். எல்லாவற்றையும் சோதித்தது இதே வாய், நிறுத்தியது இதே கை. எதில் பைபாஸ் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள், அந்தப் பச்சைக் கோடுகளின் ஓரத்தில் யார் குனிந்திருக்கிறார்கள்? மழை பெய்த காலை. எல்லாப் பெல்ட்டுக்கு அடியிலும் கரி வழிந்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரு ஈரச் சட்டைக் கை இருக்கும்.

சின்ன பயத்தைப் பெரிய பயம் விழுங்கிவிட்டது. ஆரிஃப் பட்டனைவிட்டு விரலை எடுத்தான். எல்லாருக்கும் கேட்கிற மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"எல்லா பெல்ட்டுலயும் வேலை செய்யிறவங்க உடனே தள்ளி வந்துடுங்க. கயிறு இழுத்தா பெல்ட்டு நிக்காது. திரும்பச் சொல்றேன், நிக்காது. நான் பண்ணுன டெஸ்ட்டு தப்பு. ஆரிஃப் பேசுறேன்."

சுப்பிரமணியன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஷிஃப்ட் என்ஜினியர் அன்புமணி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. "எவன்யா ஒனக்கு மைக்கு குடுத்தது? பங்கர்ல கரி கொறஞ்சிகினு இருக்கு, நீ ஆளுங்களுக்கு பீதி கெளப்புற. ஒரு பெல்ட்டுல பிரச்சனைன்னா ஒரு பெல்ட்ட நிறுத்து."

"சார், ஆளுங்க தள்ளி வந்துட்டாங்க. எந்தப் பெல்ட்டுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்களே இழுங்க. போற எடத்தக்கூட இங்க சொல்லாதீங்க."

அன்புமணி முறைத்துவிட்டுப் போனார். ஆரிஃப் பின்னாலேயே போனான். தாண்டிப் போன முதல் பெல்ட்டில் இழுத்தார், நின்றது. "பாத்தியா?" என்கிற மாதிரி திரும்பினார். நடந்துபோய் அடுத்ததில் இழுத்தார். சுவிட்ச் விழுந்தது. கரி ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொருமுறை, இந்தத் தடவை இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, தன்னையறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். போன வாரம் இதே இடத்தில் உருளைக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்து எட்டிப் பார்த்தவர் அவர்.

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு" என்றார்.

மத்தியானம் வரைக்கும் யார்டு மௌனமாகக் கிடந்தது. டவுன்ஷிப் பக்கமிருந்து பஸ் போகிற சத்தம்கூடக் கேட்டது. ஆரிஃப் ஒவ்வொரு கண்ட்ரோல் பெட்டியாகத் திறந்து, பைபாஸ் இருந்த இடத்திலெல்லாம் எடுத்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் அவனோடு பேசவுமில்லை. நாளைக்கு மேலதிகாரிகள் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கலியன் மட்டும் வந்து சொன்னான். "வாக்கிய நீயே வெச்சுக்க, அப்புறம் குடு" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

பெல்ட்டை ஓட்டினார்கள். உருளைகள் வேகம் பிடித்தன. பெண்கள் யாரும் கிட்டே போகவில்லை. கலியன் கூப்பிட்டான், அன்புமணியே வந்து கூப்பிட்டார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கலியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணியாச்சும்மா" என்றார் அன்புமணி.

"மின்னாடியும் அப்டித்தானுங்க சொன்னீங்க."

"ஆரிஃபு, நீ இழுத்துக் காட்டு."

ஆரிஃப் வாயைத் திறப்பதற்குள் கலியம்மாள் முந்திக்கொண்டாள். "தம்பி இழுத்தா நிக்கும். தம்பிக்குத்தான் அங்க ஆளு இருக்கே." சொல்லிக்கொண்டே போய், யாரையும் கேட்காமல், ஈரக் கையால் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தாள்.

பெல்ட் முனகியது. தளர்ந்தது. நின்றது.

ஆரிஃப் அப்போதும் நம்பவில்லை. சுப்பிரமணியன் கண்ட்ரோல் ரூமின் கேமராத் திரையில் பார்த்துவிட்டு அமுக்கியிருந்தால்? வாக்கியை வாய்க்குக் கொண்டுபோனான்.

"சார். நீங்களா நிறுத்துனது?"

வாக்கி இரைந்தது.

"நான் இல்லப்பா" என்றார் சுப்பிரமணியன். "நான் ரூமுலயே இல்ல. பெல்ட்ட ஓட்டிவிட்டுட்டு வாக்கியோட வெளிய வந்து வேப்ப மரத்துகிட்ட நின்னுகினு இருக்கேன். ஏன், நின்னுடுச்சா?"

கலியம்மாள் கயிற்றை விடவில்லை. எதிர்ப்பக்கத்தைக் கண்ணால் காட்டினாள்.

"மறுபடி ஓட்டச் சொல்லு" என்றாள். "அந்தப் பக்கமும் இழுத்துப் பாக்கணும்."