இடது பக்கம் இழுத்த வண்டி

அக்கா வீட்டுக்காரர் சோழவரம் கார் பந்தயத்தில் ஓட்டிய வண்டியை, பொன்னேரிக் கொட்டகையில் நானும் அவருமாகத்தான் கட்டினோம். பழைய கார் ஒன்றின் அடிச்சட்டம், வேறொன்றின் இன்ஜின். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்த வருஷம் முழுக்க அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார்.

"இன்னாடா மச்சான், இன்னும் லெஃப்ட்லயே இழுக்குது. வீல் பாத்தியா இல்லியா?"

பார்க்காமலா? சக்கரத்தைத் திருப்புகிற டை ராடை மாற்றினேன், புஷ் மாற்றினேன். நான் ஓட்டினால் நேராகத்தான் போனது. "நீ மாட்டுவண்டி மாதிரி ஓட்டுனா எப்டிடா தெரியும்?" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "நான் இன்னா மாமா, சும்மா குந்திக்கினா கீறேன்?" என்று எகிறுவேன். ஆனாலும் உள்ளே பயம்தான். அவர் போகிற வேகத்துக்கு வண்டி ஒரு முழம் விலகினால் போதும், அக்கா தாலியறுத்து நிற்பாள்.

சக்கரம் பார்க்க எங்களுக்கு நூல்தான். வண்டியின் இரண்டு பக்கமும் கம்பி ஊன்றி, நூலை இழுத்துக் கட்டி, சக்கரம் அதற்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்போம். ஆள் பாரம் இருந்தால்தான் சரியாகக் காட்டும். ஆகவே ஸ்டீரிங்கைக் கயிற்றால் கட்டிவிட்டு, அவர் இடத்தில் ஒரு மூட்டை நெல்லை வைப்பது என் வழக்கம். நெல் மூட்டைக்குக் கை கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை அந்த மூட்டை ரைஸ் மில்லுக்குப் போயிருந்தது.

"நீங்களே குந்துங்க மாமா. ஸ்டீரிங்க நேரா புடிச்சிக்கினு ஆடாம இருங்க."

குனிந்து பார்த்தேன். இடது சக்கரத்தின் முன்விளிம்பு நூலை முட்டிக்கொண்டு நின்றது. நானே எட்டி ஸ்டீரிங்கை நேராக்கி, மறுபடி பிடிக்கச் சொன்னேன். மறுபடியும் முட்டியது.

"வலது கையால மட்டும் திருப்புங்க."

சக்கரம் அசையவில்லை. அவர் விரல்கள் நழுவின. போன வருஷம் பந்தயத்தில் வண்டி கவிழ்ந்தபோது அடிபட்ட தோள். ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வண்டி சரியில்லன்னு சொல்லிடு மச்சான். உங்கக்காகிட்டயும் அப்டியே சொல்லு. இனிமே ஓட்டல."

ஊரில் என் தொழில் மானம் போகும். போய்த் தொலையட்டும் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் வீட்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வீல நேராக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? இதுக்கோசரம் எப்டிக் கெடந்தாரு அந்த மனுசன்!" வாய் ஓயவில்லை. நான் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து, முள் பார்த்து, தினமும் பழகிய கையாக உருட்டி அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. வண்டி கவிழ்ந்த நாளிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிற மனுஷன், அன்றைக்கு என் எதிரிலேயே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.