மதிலோரத்து ரோசாக் கொப்பு

இக்குறிப்பைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கிழக்கு இலண்டனில் நான் வசிக்கும் செவன் கிங்ஸிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி, விக்டோரியா மகாராணி காலத்துப் பெருமாளிகையொன்றின் பூந்தோட்டத்துக்கு வந்திருக்கின்றேன். செங்கல் மதிலோரத்தில் அந்த வெளிர்மஞ்சள் ரோசா இன்றும் பூத்து நிற்கின்றது. இலண்டனுக்கு வந்த புதிதில் என் மனைவி இதிலே ஒரு கொப்பை முறித்துக் கைப்பைக்குள் ஒளித்தாள். கள்ளி என்று வழிநெடுக ஏசினேன். அவள் நட்டு வளர்த்த அச்செடி, அவள் மறைந்த மறு மாரியிலே பட்டுப்போயிற்று.

தோட்ட வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணொருத்தி நீர்க்குழாயோடு வருகின்றாள்.

“என்ர மனுசி வளத்த இனம், பிள்ளை. ஒரு கொப்புத் தருவீரோ?”

“தரேலாது ஐயா, என்ர வேலை போயிடும்.”

“சரி பிள்ளை” என்று திரும்புகின்றேன்.

“நில்லுங்கோ. கேட்டு வாங்கி நட்டா வேர் விடாது, களவெடுத்து நட்டாத்தான் விடும் எண்டு தெரியாதே? நான் அங்காலை தண்ணி விடப் போறன். திரும்பிப் பாக்க மாட்டன்.”

முதுகு காட்டி நிற்கின்றாள். ஒரு கொப்பை முறிக்கின்றேன், முள் குத்துகின்றது. கொப்பு இப்போது என் சட்டைப்பைக்குள் இருக்கின்றது.

என்னைக் கள்ளன் என்று ஏசுவதற்கு அவள் இல்லை. ஆகையால் தாங்களாவது என்னை ஒருமுறை ஏசிவிட்டு, இக்குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகின்றேன்.