என் தம்பிக்குச் சாயங்காலம்தான் விடியும்

தையூரில் எங்கள் தெருவில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவன் என் தம்பி மோகன். தொண்ணூற்று ஆறில் எடுத்தான். ஐந்தாறு வருடம் சவுக்குக் கட்டை லாரி ஓட்டினான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு, கேளம்பாக்கத்தில் ஜெபகுமார் என்பவரின் டிராவல்ஸில் வேன் டிரைவராகச் சேர்ந்தான். இரவு வேலை பார்க்கும் பெண்களைக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டு, விடியற்காலையில் வீடு சேர்க்கும் வேலை. ஓனர் வண்டியைச் சொந்த வண்டி போல, ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தான். நான் அவனுக்கு மூத்தவள், அடுத்த வீட்டுக்காரி. பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் ஆள் பற்றாமல் டபுள் டியூட்டி போட்டார்கள். இரவு முழுக்கக் கம்பெனி, பகலில் ஏர்போர்ட். டபுள் இல்லாதபோதும் ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் பகல் என்று மாற்றினார்கள். கொஞ்சம் தாமதமானாலும் போனில் கத்துவார்கள். போன் அடித்தாலே பதறி எழுவான். மெல்ல மெல்ல முகம் உப்பியது. குரல் கரகரத்தது, பேச்சு இழுத்தது. சோறு பாதிதான் சாப்பிட்டான், ஆனாலும் உடம்பு பெருத்தது. சித்திரை வெயிலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு குளிருகிறது என்றான். எவ்வளவு தூங்கினாலும் தூங்காதவன் போலவே எழுந்தான்.

மோகன் குடிக்கிறான் என்று தெருவில் முடிவு செய்துவிட்டார்கள்.

காதில் விழுந்ததை எல்லாம் நம்புகிற வழக்கம் எனக்கு இல்லை. அவன் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஊதுடா."

"இன்னாக்கா, போலீஸ்காரன்கூட இப்படிக் கேக்க மாட்டான்."

"ஊது."

டீ வாசனைதான் வந்தது. பல நாள் பார்த்தேன், வேறு எதுவும் வந்ததில்லை.

அடுத்த தை மாதம் ஒரு விடியற்காலை, படூர் தாண்டியதும் வேனின் இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. உள்ளே நான்கு பெண்கள். யாருக்கும் அடி இல்லை, வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஓனருக்குத் தெரிந்திருக்காது. மோகன் அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போய், சாவியை ஜெபகுமாரின் மேசைமேல் வைத்தான்.

"கண்ணைத் தொறந்துகினே தூங்கிட்டேன் சார். எனக்கு வண்டி குடுக்காதீங்க."

"குடிச்சியா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னாதான் கேடு உனக்கு?"

"தெரியல சார்."

தன் கையாலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்த டிரைவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஜெபகுமார் அவனை இரவில் வண்டி கழுவும் வேலைக்குப் போட்டார். நேற்றுவரை கூட ஓட்டியவர்கள், "இன்னா டிரைவர் சார், டயருக்கு சோப்பு பத்தலையே" என்று சிரித்தார்கள். அவன் பக்கெட்டோடு அடுத்த டயருக்குப் போனான். மறுபடி அந்த சீட்டில் உட்கார வேண்டும், அதுவும் பயமில்லாமல் உட்கார வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பக்கத்து கிளினிக்கில் சத்து ஊசி போட்டுப் பார்த்துப் பலன் இல்லை. நானும் அவன் மனைவி வேண்டாவும் செங்கல்பட்டில் ஜெசிந்தா டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் மோகனின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. அதுல சுரக்கறது குறைஞ்சா உடம்பே மெதுவாயிடும். இவருக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்றார்.

"டபுள் டியூட்டி பார்த்ததாலயாம்மா?" என்று கேட்டேன்.

"அதாலதான் வந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் இல்லாம, எந்நேரமும் பதறிக்கிட்டே இருந்தா அசதி ரெண்டு மடங்காகும். மாத்திரையும் வேணும், தூக்கமும் வேணும்."

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. தான் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். கொஞ்சமும் தேறவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மோகன் என்னிடம், "லைசென்ஸை நீயே வெச்சுக்கக்கா. எனக்கு எதுக்கு இனிமே?" என்றான். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு நாள்கூட வுட்டதில்லம்மா. நான்தான் கையில குடுக்கறேன்" என்றாள் வேண்டா.

"வெறும் வயித்துலதானே?"

"ஆமாம்மா. அவரு காலைல ஷெட்டுலேர்ந்து வந்ததும், நாஸ்தா துன்றதுக்கு முன்ன."

"அதுக்கு முன்னாடி ஷெட்டுல எதுவும் சாப்பிடலையே?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றான் மோகன். "டீ மட்டும்தான்."

"எத்தனை டீ?"

"வண்டி ஒவ்வொண்ணும் உள்ள வர்றப்ப ஒண்ணு."

"எத்தனை வண்டி?"

"பதினொண்ணும்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"டீயெல்லாம் சாப்பாட்டுல சேத்தியாம்மா?" என்று இவன் கேட்டான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வயிற்றில் பால் டீ இருக்கும்போது போட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது என்று விளக்கினார். "நீங்க தூங்கி எழறது சாயங்காலம். உங்களுக்கு அப்பதான் விடியுது. எழுந்ததும் வெறும் தண்ணியில போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ. பகல்ல இருட்டு ரூம்ல, யாரும் எழுப்பாம தூங்குங்க."

மாத்திரையை வேண்டா பார்த்துக்கொண்டாள். தூக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஜன்னலில் பழைய கம்பளி தொங்கியது. அவன் போன் பகலில் என் வீட்டில் இருந்தது. மிக்ஸியும் என் வீட்டிலேயே ஓடியது. ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாயை நேராக எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவர் சடையப்பனிடம் போனேன்.

"அண்ணாத்த, அந்தக் குழாயைக் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. தம்பி தூங்கணும்."

"ராவெல்லாம் ஊத்திக்கினு பகல்ல தூங்கறவனுக்காக ஆத்தா பாட்டைத் திருப்பணுமா?"

"அவன் ஊத்திக்கறது டீ. நானே ஊதச் சொல்லிப் பார்த்துக்கீறேன். வா, உன்னையும் பக்கத்துல நிக்க வெச்சு ஊதச் சொல்றேன். யாரு வாயில இன்னா வாசனை வருதுன்னு ஊரே பார்க்கட்டும்."

கூழுக்கு நின்றிருந்த பெண்கள் அவ்வளவு பேரும் சிரித்துவிட்டார்கள். சடையப்பன் சட்டென்று வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மைக் செட்டுக்காரரைக் கூப்பிட்டுக் குழாயைத் திருப்பச் சொன்னார்.

ஆவணியில் முகத்து வீக்கம் வற்றியது. மஃப்ளர் பெட்டிக்குள் போனது. ஒருநாள் தெருக்கோடியிலிருந்து "யக்கா" என்று கூப்பிட்டான். பழைய குரல், கணீரென்று. புரட்டாசியில் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று சொல்லி, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். நானும் அவனோடு ஷெட்டுக்குப் போனேன்.

"வா மோகனு! ஆளே இல்ல, பேஜாராகீது" என்றார் ஜெபகுமார். "இன்னிக்கே டபுள் போடறேன்."

"டபுள் வேணாம் சார். நைட்டுன்னா மாசம் பூரா நைட்டு. பகல்னா பூரா பகல். வாராவாரம் மாத்தாதீங்க."

"உனக்கு மட்டும் தனிச் சட்டமா? நாளைக்கு எல்லாரும் கேட்டா?"

"எல்லாருக்கும் குடுங்க சார்."

"முடியாதுன்னா?"

"பக்கெட் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும் சார். கழுவப் போறேன்."

இத்தனை பாடுபட்டது இந்தச் சாவிக்காகத்தானே? ஆனால் அவன் குரல் இழுக்கவில்லை. டயருக்கு சோப்பு பத்தலை என்று சிரித்தவர்களில் ஒருவன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "ஓனர், அவன் சொல்றது கரெக்டு. எனக்கும் கண்ணு சொக்குது." அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஜெபகுமார் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார். அந்த மாதத்திலிருந்து அத்தனை டிரைவர்களுக்கும் அதே முறை வந்தது.

மறுநாள் காலை மோகன் வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஜெஸ்ஸின்னு ஒரு பொண்ணுக்கா. முன்னல்லாம் நான் ஓட்டறப்ப கண்ணாடியில என் கண்ணையே பார்த்துகினு வரும். பயம். இன்னிக்கு கேளம்பாக்கம் வர்றதுக்குள்ள குறட்டை வுடுது. மத்ததுங்களும் தூங்கிடுச்சு."

"நீ?"

"நான் ஒருத்தன்தான் முழிச்சுகினு இருந்தேன். ரோடு பூரா பளிச்சுனு தெரிஞ்சுதுக்கா."